கடலோரத்தில் வீடு: காற்றுக்கு ஒரு விதி, தண்ணீருக்கு இன்னொரு விதியா?

#1 கரைமேடு

கடலை ஒட்டிய மனையில் இரண்டு மாடி வீடு கட்ட எண்ணம். இரண்டு இன்ஜினியர்களிடம் கேட்டேன். ஒருவர், "கீழ்த்தளச் சுவரைக் கனமாக எழுப்பி, எல்லாவற்றையும் பீமோடு பிணைத்து, நாலு பக்கமும் மூடிவிடுங்கள். எந்தப் புயலும் அசைக்காது" என்கிறார். மற்றவர், "கீழே சுவரே வேண்டாம். தூண்கள் மட்டும் நிற்கட்டும், தண்ணீர் அடியில் ஓடிப் போகட்டும்" என்கிறார். இருவரும் அனுபவம் உள்ளவர்கள், இருவரும் விதிப்படிதான் சொல்கிறோம் என்கிறார்கள்.

விதிப் புத்தகங்களைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. காற்றுக்கு ஒரு புத்தகம், கான்கிரீட்டுக்கு வேறு புத்தகம், கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதற்குச் சுற்றுச்சூழல் துறையின் அறிவிக்கை. மூன்றையும் சேர்த்துப் பேசுகிற ஆளைக் காணோம். புயல் வருகிற கரையில் எதை முதலில் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தூண்கம்பி

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒருவர் காற்றை நினைத்துப் பேசுகிறார், மற்றவர் தண்ணீரை. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது என்பதுதான் சிக்கல்.

முதலில் காற்று. காற்றுப் பாரத்துக்கான இந்திய நெறிமுறை ஐஎஸ் 875, பகுதி 3 (2015) சொல்கிற சூத்திரம் எளிது: வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6ஆல் பெருக்க வேண்டும். வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்று என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ பாரம். 33 மீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்ட வீட்டின்மேல் 50 மீட்டர் காற்று வீசினால் வேகம் ஒன்றரை மடங்குதான், பாரம் 2.3 மடங்கு. அதுவும் ஒரே திசையில் தள்ளாது. எதிர்ச் சுவரை உள்ளே தள்ளும், மற்ற மூன்று சுவர்களையும் வெளியே இழுக்கும், கூரையை மேலே உறிஞ்சும். கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் உறிஞ்சல் நடுவில் இருப்பதைவிட மிக அதிகம். அதனால் காற்றுக்கு எதிராக எல்லாவற்றையும் இறுக்கிக் கட்ட வேண்டும், எங்கும் திறப்பு விழக்கூடாது.

இப்போது தண்ணீர். புயலோடு கடல் மேலேறி உள்ளே வரும்போது வினாடிக்கு 3 மீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக ஓடுகிற ஆளின் வேகம். அந்த ஓட்டம் சுவரில் தரும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 4,500 நியூட்டன். 180 கி.மீ. காற்றைப்போல மூன்று மடங்கு! இது ஓட்டத்துக்கு மட்டும். அலை உடைந்து அடிப்பதும், மிதந்து வருகிற படகும் மரமும் மோதுவதும் தனி. இதை எதிர்த்துச் செங்கல் சுவர் நிற்காது. நிற்கும்படி கட்டினால் அந்த விசை முழுவதும் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் போகும், வீடே சாயும்.

அதனால்தான் அமெரிக்காவில் ஃபீமா என்ற பேரிடர் மேலாண்மை அமைப்பு வகுத்த 'வி மண்டலத்தில்', அதாவது வெள்ளத்தின் மேல் 3 அடியோ அதற்கு மேலோ அலை எழும் என்று கணித்த கரையில், வீட்டைப் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கம்பம்) அல்லது தூண்களின் மேல்தான் தூக்கிக் கட்ட வேண்டும். மிகக் கீழே இருக்கும் படுக்கை பீமின் அடிப்பாகமே வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தரை மட்டம் என்று சொல்லவில்லை, பீமின் அடி. அலை பீமில் மோதக்கூடாது என்று அவ்வளவு கறாராக எழுதியிருக்கிறார்கள். மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் கட்டவும் அங்கே அனுமதி இல்லை. அலை மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். கீழே தடுப்பு வேண்டுமென்றால் அலை வந்தால் தானாக உடைந்து விழுகிற சுவர்தான் போடலாம். பலவீனமாகக் கட்டு என்று சட்டமே சொல்கிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆகவே உங்கள் மனையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், அலையோடு வருமா, தேங்கி மட்டும் நிற்குமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு இன்ஜினியர்களில் யார் சரி என்று சொல்ல முடியாது.

#3 சாளரம்

கீழே திறந்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு கடையோ அறையோ போட்டுக்கொள்ளக் கூடாதா? இடம் வீணாகிறதே.

#4 தூண்கம்பி

கூடாது. ஃபீமா விதிப்படி அங்கே வண்டி நிறுத்தலாம், ஏறிப்போகப் படி வைக்கலாம், சாமான் போட்டு வைக்கலாம். ஆள் புழங்கும் அறை கூடாது. நடைமுறையில் எல்லா ஊரிலும் அனுமதி வாங்கிய மறு வருஷமே சுவர் வைத்து மூடிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

இன்னொன்று. தூண் மேல் தூக்கினால் காற்று கூடும், ஏனென்றால் உயரம் ஏற ஏற வேகம் ஏறும். நிலநடுக்கம் வரும் பகுதியானால் சுவரில்லாத கீழ்த்தளம் அதற்குத் தனிப் பலவீனம். தூணைப் பெரிதாக்கி, தேவையான இடத்தில் குறுக்குப் பிணைப்பும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். 'கீழே காலியாக விடுங்கள்' என்று வாயால் சொல்வதோடு முடிகிற வேலை இல்லை.

#5 ஷீட்கூரை

எல்லாரும் கான்கிரீட் வீட்டையே பேசுகிறீர்கள். உலகத்தில் புயலில் அதிகம் பறப்பது தகரக் கூரை. அதைப் பற்றிய விதி எப்படி வந்தது என்று தெரிந்தால் விதிப் புத்தகத்தின்மேல் கொஞ்சம் மரியாதை வரும்.

1974 டிசம்பர் 25 அதிகாலையில் டிரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தைத் தாக்கியது. விமான நிலையத்தில் இருந்த கருவி மணிக்கு 217 கி.மீ. வீச்சைப் பதிந்துவிட்டு நின்றுபோனது. ஊரில் பத்துக்கு ஏழு வீடு போய்விட்டது. 66 பேர் இறந்தார்கள். ஜனத்தொகையில் பெரும்பகுதியை விமானத்தில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அப்புறம் பொறியாளர்கள் உட்கார்ந்து சிதைவுகளைப் பார்த்தார்கள். ஷீட்டின் கனம் போதும், திருகாணியும் ஆணியும் கணக்குப்படி போதும், ஆனாலும் கூரை உரிந்து போயிருக்கிறது. காரணம் ஆணித் தலையைச் சுற்றி இருந்தது. காற்று ஒரே சீராகத் தள்ளுவதில்லை, வீச்சு வீச்சாக இழுத்து விடுகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஷீட் ஆணித் தலையில் மேலும் கீழும் வளைகிறது. கட்டுக் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கையோடு ஒடிந்து வருமே, அதேதான். தலையைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடிப்பு ஓடி, கடைசியில் ஆணி கட்டையிலேயே நிற்கிறது, ஷீட் மட்டும் ஓட்டையோடு பறந்து போகிறது. ஒரு ஆணி விட்டதும் அதன் பாரம் பக்கத்து ஆணிக்கு, அதுவும் விட்டால் அடுத்ததுக்கு.

அதன் பிறகுதான் கூரை ஷீட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற வழக்கம் போய், ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விட்டுப் பார்க்கிற சோதனை வந்தது. ஆணித் தலைக்கு அடியில் அகலமான வாஷர் வைப்பது, ஓரத்தில் ஆணிகளை நெருக்கி அடிப்பது எல்லாம் அங்கிருந்து பரவியதுதான். டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் புயல் சோதனை நிலையம் 1977இல் தொடங்கி இன்றும் இந்த வேலையைச் செய்கிறது.

அந்த ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம்: கூரையைச் சுவரோடு கட்டினால் மட்டும் போதாது. ஷீட்டிலிருந்து பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), பர்லினிலிருந்து ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்), ட்ரஸ்ஸிலிருந்து சுவரின் உச்சி பீம், அங்கிருந்து அஸ்திவாரம் வரை ஒவ்வொரு இணைப்பும் மேல்நோக்கி இழுக்கும் விசையைத் தாங்க வேண்டும். நாம் கட்டும்போது எல்லாப் பாரமும் கீழே போகும் என்றே நினைத்துக் கட்டுகிறோம். ட்ரஸ்ஸைச் சுவரில் 'உட்கார' வைக்கிறோம். புயலில் அது எழுந்து போகிறது.

#6 சாளரம்

இதே மாதிரி ஃபுளோரிடா கதையும் உண்டு. 1992 ஆகஸ்ட் 24, ஆண்ட்ரூ சூறாவளி. அங்கே ஏற்கெனவே நல்ல கட்டட விதி இருந்தது என்பதுதான் விஷயம். ஆனால் கூரைப் பலகையை ஸ்டேப்பிள் பின் அடித்து நிறுத்தியிருந்தார்கள். ஆணி அடித்த வீடுகளிலும் பல ஆணிகள் அடியில் உள்ள மரத்தில் இறங்காமல் பக்கத்தில் காற்றில் தொங்கின. மேலிருந்து பார்த்தால் வரிசையாக ஆணித் தலை தெரியும். அடியில் போய்ப் பார்த்தால்தான் வண்டவாளம்.

அதன் பிறகு விதியை இறுக்கி, 2002 மார்ச்சில் மாநிலம் முழுவதற்கும் ஒரே நெறிமுறை கொண்டுவந்தார்கள். மயாமி பகுதியில் ஜன்னலுக்கு வைக்கும் சோதனை கொஞ்சம் வேடிக்கையானது. சுமார் 4 கிலோ எடையுள்ள மரச் சட்டத்தைப் பீரங்கி போன்ற கருவியில் வைத்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கண்ணாடியின்மேல் சுடுவார்கள். கண்ணாடி விரிசல் விடலாம், ஆனால் திறந்துகொள்ளக் கூடாது. அடிபட்ட அதே ஜன்னலை அப்புறம் 9,000 தடவை அழுத்தியும் இழுத்தும் பார்ப்பார்கள்.

ஜன்னலுக்கு ஏன் இவ்வளவு? ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும். மேலே உறிஞ்சல், கீழே தள்ளல். அமெரிக்க நெறிமுறையான ஏஎஸ்சிஇ 7இல் மூடிய கட்டடத்துக்கு உள்ளழுத்தக் கெழு, அதாவது உள்ளே காற்று தள்ளும் அளவைக் காட்டும் எண், 0.18. ஒரு பக்கம் பெரிதாகத் திறந்துவிட்டால் அது 0.55. மூன்று மடங்கு. 'புயல் வரும்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சரியாகிவிடும்' என்று ஒரு பேச்சு பரவுகிறது, அது தவறு. எல்லாவற்றையும் மூடி, வெளியே பலகையோ ஷட்டரோ போடுவதுதான் சரி.

#7 கரண்டி

புத்தகம் எல்லாம் சரி. நான் சைட்டில் இருப்பவன், நடப்பதைச் சொல்கிறேன்.

கடலோரத்தில் கட்டடம் புயலில் விழுவது ஒரு நாளில் நடப்பதில்லை. உப்பு பத்துப் பதினைந்து வருஷம் உள்ளே வேலை செய்து வைத்திருக்கும், புயல் வந்து முடித்து வைக்கும். கான்கிரீட்டுக்கான இந்திய நெறிமுறை ஐஎஸ் 456இல் கடல்நீர்த் திவலை படும் கான்கிரீட்டை 'மிகக் கடுமையான' சூழல் என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் குறைந்தது எம்35 வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட் (கவர்) 50 மி.மீ., தண்ணீர் சிமெண்டில் 0.45 மடங்குக்கு மேல் போகக்கூடாது. அலை ஏறி இறங்கும் இடத்தில் இருக்கும் தூண் என்றால் எம்40, கவர் 75 மி.மீ.

சைட்டில் என்ன நடக்கிறது? உள்நாட்டில் ஸ்லாபுக்குப் போடும் 20 மி.மீ. கவர் பிளாக்கையே இங்கேயும் போடுகிறார்கள். சில இடத்தில் அதுவும் இல்லை, ஜல்லிக் கல்லை வைத்துக் கம்பியைத் தூக்குகிறார்கள். கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டிய பிறகு கட்டுக் கம்பியின் வால் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். 50 மி.மீ. கவர் விட்டிருந்தாலும் அந்த வால் மேல்பரப்புக்கு 20 மி.மீ. கிட்டே வந்துவிடுகிறது, துரு அங்கேதான் பிடிக்கும், அந்த வழியாக உள்ளே போகும். வாலை உள்பக்கம் மடக்கிவிட ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் சிரிப்பார்கள். கான்கிரீட்டில் இளகல் வேண்டும் என்று குழாயைத் திறந்து தண்ணீர் விடுவது இன்னொன்று. அந்த 0.45 அங்கேயே போச்சு.

துருப் பிடித்த கம்பி பழைய கம்பியைவிடப் பருமனாகும். உள்ளிருந்து கவரை உடைத்துத் தள்ளும். வெளியே நீளவாட்டில் கோடு கோடாக விரிசல், பழுப்பு நிறக் கசிவு. வீட்டுக்காரர் மேலே பூசி வெள்ளையடித்துவிடுவார்.

என் கருத்து இதுதான்: விதியில் எண்ணை ஏற்றிக்கொண்டே போவதைவிட, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு ஆள் வந்து டேப் வைத்துக் கவரை அளந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஒரு வரி போதும். ஊற்றிய பிறகு எந்த அதிகாரி வந்தாலும் அவருக்குத் தெரிவது பூச்சு மட்டுமே.

#8 வலைக்காரன்

கடலிலிருந்து தள்ளிக் கட்டும் விதியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? எங்களுக்கு அதுதான் பெரிய விதி.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் யாரும் வீடு கட்டக் கூடாது என்றார்கள். சனங்களை உள்நாட்டுக்குத் தள்ளினார்கள், எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த வருஷமே தளர்த்தினார்கள். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரத்தை அழித்தது, ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். உடனே 40 மீட்டர் குடியிருப்புத் தடை என்று ஆரம்பித்தார்கள். புயல் எழுப்பிய கடலேற்றம் 40 மீட்டரோடு நின்றதா? நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே போனது. 40 மீட்டர் தள்ளி இருப்பவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்று எந்தக் கணக்கு சொன்னது?

இந்தியாவில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் 1991இல் வந்தது. 2011 அறிவிக்கையில் ஊரகப் பகுதியில் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தில் கடல் எட்டும் எல்லை) 200 மீட்டர் கட்டுமானத் தடை. 2019இல் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் ஊரகப் பகுதிக்கு அதை 50 மீட்டராகச் சுருக்கினார்கள். ஆள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் புயல் தள்ளி நிற்குமா என்ன? ஜனத்தொகையை வைத்துத் தூரத்தை முடிவு செய்தால் அது புயலுக்கான விதி இல்லை.

படகையும் வலையையும் பார்வையில் வைத்துக்கொண்டுதான் இந்தத் தொழில் செய்ய முடியும். விதி எங்களைப் பின்னால் தள்ளுகிறது, எங்கள் முன்னால் சொகுசு விடுதி முளைக்கிறது. எந்த நாட்டுக் கரையிலும் இந்தக் கதை ஒன்றுதான்.

#9 தாழ்வாரம்

வலைக்காரன் சொல்வதில் பாதி சரி. ஒரே மீட்டர் கணக்கை எல்லாக் கரைக்கும் வைப்பது அறிவுக்குப் பொருந்தாது. பாறைக் கரையில் 50 மீட்டர் தாராளம், சரிவே இல்லாத மணல் கரையில் 500 மீட்டரும் போதாது. அதோடு 2019 அறிவிக்கையில் ஆபத்துக் கோடு (கடல் வெள்ளமும் அரிப்பும் எட்டக்கூடிய எல்லை) என்று ஒன்றை வரைந்துவிட்டு, அது பேரிடர் மேலாண்மைத் திட்டத்துக்கான கருவி மட்டும், கட்டுமானத்தை ஒழுங்குபடுத்த இல்லை என்று ஒதுக்கியும் விட்டார்கள். கோடு வரைந்தும் பயனில்லை.

ஆனால் தூரம் வேண்டாம் என்ற முடிவுக்கு அதிலிருந்து வர முடியாது. அமெரிக்காவின் வட கரோலினா ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. கரை வருஷத்துக்கு எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து, சிறிய கட்டடத்துக்கு அதன் 30 மடங்கு தள்ளிக் கட்ட வேண்டும், எப்படியும் 60 அடிக்குக் குறையக் கூடாது. பெரிய கட்டடத்துக்கு மடங்கு கூடும். முதலீடு பெரிதானால் தூரமும் பெரிது. விடுதிக்கும் குடிசைக்கும் ஒரே கோடு இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியும் அங்கே ரோடான்தே என்ற ஊரில் 2020 முதல் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுகின்றன, ஏனென்றால் கரை அவற்றைத் தேடி வந்துவிட்டது. கோடு போட்டால் அது நகரவும் வேண்டும்.

அனுமதி கொடுத்தவரைக் கேள்வி கேட்ட ஒரே வழக்கு எனக்குத் தெரிந்தது பிரான்சில். 2010 பிப்ரவரி 28 இரவு சிந்தியா புயல் வந்தபோது லா ஃபோத் சூர் மெர் என்ற ஊரில் 29 பேர் இறந்தார்கள். கடல் ஏற்றத்தின் மட்டத்தைவிட வீட்டுத் தரை தாழ்ந்த பள்ளத்தில், கரைத்தடுப்புக்குப் பின்னால், மாடியே இல்லாத வீடுகள். ஆட்கள் தூக்கத்தில் இருந்தார்கள். மின்சாரம் போனதும் மின்விசையில் ஏறி இறங்கும் ஜன்னல் ஷட்டர்கள் திறக்கவில்லை, வெளியேறவும் வழியில்லை. ஏறி நிற்க ஒரு மாடி இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். வெள்ள ஆபத்து தெரிந்தும் அனுமதி கொடுத்தார் என்று அந்த ஊர் மேயருக்கு 2014இல் நான்கு வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள், 2016 மேல்முறையீட்டில் அதை இரண்டு வருஷ நிறுத்தி வைத்த தண்டனையாகக் குறைத்தார்கள். தண்டனை குறைந்தாலும் செய்தி போய்ச் சேர்ந்தது: கையெழுத்துப் போட்டவனுக்கும் பங்கு உண்டு.

#10 பத்திரம்

தடை போடுவதற்கு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தென் கரோலினாவில் ஒருவர் 1986இல் 9,75,000 டாலர் கொடுத்துக் கடற்கரையில் இரண்டு மனை வாங்கினார். 1988இல் மாநிலம் கடற்கரைச் சட்டம் கொண்டுவந்து அங்கே வீடு கட்டக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1992இல் நிலத்தின் மதிப்பை முழுவதும் பறித்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற பக்கம் தீர்ப்பு சாய்ந்தது. மாநிலம் பணம் கொடுத்து மனைகளை வாங்கியது. வாங்கிய பிறகு என்ன செய்தது தெரியுமா? வீடு கட்டுவதற்காகவே விற்றுவிட்டது. பணத்தை மீட்க வேண்டுமே!

அதனால் எனக்குப் பிடித்தது 1982இல் அமெரிக்கா கொண்டுவந்த கடலோரத் தடுப்புத் தீவுகள் பற்றிய சட்டம். அது எதையும் தடை செய்யவில்லை. இன்னும் கட்டாமல் கிடக்கும் மணல் திட்டுகளில் நீ கட்டிக்கொள், ஆனால் அரசு சாலை போடப் பணம் தராது, வெள்ளக் காப்பீடும் தராது என்று மட்டும் சொன்னது. வங்கியும் காப்பீடும் இல்லாத இடத்தில் எத்தனை பேர் கட்டுவார்கள்?

#11 வலைக்காரன்

பணம் உள்ளவன் காப்பீடு இல்லாமலும் கட்டுவான். அவனுக்கு அது இரண்டாவது வீடு. இல்லாதவனுக்கு ஒரே வீடு, அதற்குக் காப்பீடு எப்போதும் இருந்ததில்லை. உங்கள் சட்டம் இருவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது.

#12 பத்திரம்

ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சட்டம் ஆள் இல்லாத இடத்துக்கு எழுதியது. தலைமுறையாக ஆட்கள் இருக்கிற கரைக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

#13 தூண்கம்பி

அங்கேதான் எல்லா வீட்டையும் எல்லாப் புயலுக்கும் கட்ட முடியாது என்பதை ஒத்துக்கொண்டு எழுதிய விதிகள் உதவும். ஐஎஸ் 875இல் புயல் கரைக்கென்று, காற்றின் வேகத்தைப் பெருக்க, ஒரு முக்கியத்துவக் கெழு உண்டு, கடலிலிருந்து 60 கி.மீ. வரை பொருந்தும். சாதாரண வீட்டுக்கு 1.0, தொழிற்கூடத்துக்கு 1.15, புயலுக்குப் பிறகு இயங்கியே ஆக வேண்டிய மருத்துவமனை, புகலிடம், தகவல் தொடர்புக் கோபுரம் போன்றவற்றுக்கு 1.30. வேகத்தில் 1.30 என்றால் விசையில் 1.69. வீடு போகலாம், ஆள் போகக்கூடாது என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

வங்கதேசம் செய்தது அதைத்தான். 1970 போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1991இல் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். பிறகு கரை நெடுக, கீழே தூண்களும் மேலே கூடமுமாகப் புகலிடங்கள் எழுந்தன. மற்ற நாளில் பள்ளிக்கூடமாக ஓடும். 2007இல் சித்ர் புயல் வந்தபோது சாவு சில ஆயிரமாக நின்றது. எச்சரிக்கை, தன்னார்வலர்கள், எல்லாம் சேர்ந்த பலன் அது. ஒடிசாவிலும் 1999இல் சுமார் பத்தாயிரம் பேரை இழந்த பிறகு, 2013 பைலின் புயலில் எண்ணிக்கை ஐம்பதுக்குள் அடங்கியது. குடிசை குடிசையாகத்தான் இருந்தது. ஓடிப்போய் நிற்க ஒரு இடம் இருந்தது.

#14 கரைமேடு

நிறைய தெளிந்தது. இன்னும் ஒரு சந்தேகம். என் மனைக்கான வரைபடத்தில் 'நூறாண்டு வெள்ள மட்டம்' என்று ஒரு உயரம் போட்டிருக்கிறார்கள். பக்கத்து மனைக்காரர், "அப்படியொரு வெள்ளம் சில வருஷம் முன்னால்தான் வந்தது, இனி நம் காலத்தில் வராது" என்கிறார். அதை நம்பி உயரத்தைக் குறைக்கலாமா?

#15 தாழ்வாரம்

கூடவே கூடாது. அது நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் என்ற தவணை இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. போன வருஷம் வந்ததா என்பது கடலுக்குத் தெரியாது. 30 வருஷக் கடன் அடைத்து முடிப்பதற்குள் ஒரு முறையாவது அந்த மட்டத்தைத் தொட 26 சதவீத வாய்ப்பு. வீட்டில் 50 வருஷம் இருந்தால் கிட்டத்தட்ட 40. கடல் மட்டமும் ஏறிக்கொண்டிருப்பதால் பழைய அளவீடுகளை வைத்துப் போட்ட மட்டம் குறைவாக இருக்கவே வாய்ப்பு. முடிந்தால் வரைபடத்தில் உள்ளதைவிட இரண்டு மூன்று அடி கூட்டுங்கள். கட்டும்போது தூணை உயர்த்துவது மலிவு.

பிறகு உயர்த்துவது என்ன பாடு என்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் இருக்கும் கால்வெஸ்டன் ஊரின் வரலாற்றைப் படியுங்கள். 1900 செப்டம்பர் 8 சூறாவளியில் சுமார் எட்டாயிரம் பேர் இறந்த பிறகு, கடல் சுவர் கட்டியதோடு ஊரையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைச் சேறாகக் கரைத்துக் குழாய் வழியே பாய்ச்சி நிரப்பினார்கள். வருஷக்கணக்கில் சனங்கள் பலகைப் பாலத்தில் நடந்தார்கள்.

#16 கரண்டி

கரைமேடு, தூண் மேல் கட்டுவது என்று முடிவானால் இன்ஜினியரிடம் இதையும் கேளுங்கள். பைல் எவ்வளவு ஆழம், அதில் மேல் மண் எத்தனை அடி அரித்துப் போனாலும் நிற்கும் என்று கணக்கில் பிடித்திருக்கிறாரா? ஆழத்தை இன்றைய தரையிலிருந்து அளந்தால் ஏமாந்து போவீர்கள், புயல் முடிந்த பிறகு தரை அங்கே இருக்காது. மின் மீட்டரும் மோட்டாரும் கீழே வைக்க விடாதீர்கள். மாடி மேல் பிளாஸ்டிக் டேங்க் வைத்தால் கீழே பிணைக்கச் சொல்லுங்கள், காலி டேங்க் முதல் வீச்சிலேயே போய்விடும். கைப்பிடிச் சுவருக்கும் சன்ஷேடுக்கும் கம்பி உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

#17 கரைமேடு

குறித்துக்கொண்டேன், நன்றி அண்ணா. செப்டிக் டேங்கை என்ன செய்வது? அதை மேலே தூக்க முடியாதே. புயல் எச்சரிக்கை வந்ததும் லாரி வைத்துக் காலி செய்துவிட்டால் நல்லதா?

#18 கரண்டி

செய்யாதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறி நீர் மட்டம் ஏறும்போது காலி டேங்க் மிதந்து மேலே வரும், குழாய் இணைப்பெல்லாம் அறுந்துபோகும். நிறைந்த டேங்க் அசையாது. புதிதாகப் போடுவதால் அடியில் கனமான கான்கிரீட் தளம் போட்டு அதோடு பட்டை வைத்துப் பிணைத்துவிடச் சொல்லுங்கள். மூடியை இறுக்கி, வீட்டுக்குப் போகும் குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாத வால்வு ஒன்று வையுங்கள். வால்வைப் படிக்கு அடியில் புதைத்துவிட வேண்டாம், வருஷம் ஒரு முறை திறந்து சுத்தம் செய்யக் கை போக வேண்டும்.